எழுத்தின் உறுப்பும் வகுத்தலின் அறமும்

ஒரு பொருளை அறிதல் என்பது அதனை வகுத்து அறிதலே என்பது தொன்றுதொட்டு வரும் கருத்தாகும். தமிழிலக்கண நூலார் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் வகுத்தனர். சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என வகுத்தனர். சொல் குறிக்கும் பொருள்களை உயர்திணை, அஃறிணை என வகுத்தனர். வகுப்பு இல்லாவிடின் கற்றலும் இல்லை, கற்பித்தலும் இல்லை. ஆயினும் வகுப்பு ஒவ்வொன்றின் பின்னாலும் வகுத்தவர் ஒருவர் நிற்கிறார். அவர் எந்த அளவுகோலைக் கொண்டு வகுத்தார்? அந்த அளவுகோல் பொருளின் இயல்பிலிருந்து பெறப்பட்டதா, அவருடைய காலத்து வழக்கிலிருந்து பெறப்பட்டதா? கல்லும் மரமும் இவ்வினாக்களை எழுப்புவதில்லை. வகுக்கப்படும் பொருள் மனிதனாக இருக்கும்போது அறிவு பற்றிய இவ்வினா அறம் பற்றிய வினாவாக மாறிவிடுகிறது. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காண்பதற்குச் சீன எழுத்துமுறை சிறந்ததொரு களமாகும்.

சீன எழுத்து ஈழத்துக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றன்று. யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள அல்லைப்பிட்டியில் 1977இற் கண்டெடுக்கப்பட்ட சொங் வமிசக் காலத்துச் சீன மட்கலங்கள், இப்பகுதியின் துறைகளுக்கும் சீனத்துக்கும் இடையே நிலவிய வாணிகத் தொடர்பைக் காட்டுகின்றன. இதனினும் நேரான சான்று, 1911இற் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு தேசிய அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ள மும்மொழிக் கல்வெட்டாகும். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொணர்ந்த இக்கல் 1409ஆம் ஆண்டினைக் குறிப்பது. அதன் சீனப்பகுதி புத்தருக்கும், தமிழ்ப்பகுதி தென்னிலங்கையின் தெனவரை நாயனாருக்கும், பாரசீகப்பகுதி இசுலாமியர் வழிபடும் இறைவனுக்கும் பேரரசர் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என விரியும் காணிக்கைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒத்தவை. சீன எழுத்தும் தமிழெழுத்தும் ஒரே கல்லில் அருகருகே நிற்க, இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளைச் சொல்ல, அவை சொல்லும் முறையோ பெரிதும் வேறுபடுகிறது.

தமிழெழுத்து ஒலியைப் பகுத்து எழுதுகிறது. ‘கி’ என்னும் வடிவத்தை நோக்கும் அரிச்சுவடி மாணவன், ககர மெய்யும் இகர உயிரும் அதனுட் கூடியிருப்பதை அறிவான். அவ்விரு உறுப்புகளும் ஒலியை மட்டுமே தெரிவிப்பன. சீன எழுத்தின் உறுப்புகளிற் சில பொருளையும் தெரிவிக்க முற்படுகின்றன. மரத்தைக் குறிக்கும் வடிவம் இரட்டித்து நின்றாற் சோலை. மூன்று நின்றாற் பெருங்காடு. மனிதவடிவம் மரத்தின் அருகே நின்றால் இளைப்பாறுதல். ஞாயிறும் திங்களும் இணைந்து நின்றால் ஒளி. ‘மிங்’ என ஒலிக்கப்படும் இவ்வெழுத்தே செங் ஹேயை அனுப்பிய வமிசத்தின் பெயராயிற்று. காலிக் கல்வெட்டின் சீனப்பகுதி ‘மாபெரும் மிங் பேரரசர்’ என்ற தொடருடன் தொடங்குவதால், அதன் இரண்டாம் எழுத்தே ஞாயிறும் திங்களும் கூடிய இவ்வெழுத்தாகும்.

இத்தகைய எழுத்துகளைக் காணும் பிறமொழியாளர், சீன எழுத்து முழுவதும் சித்திரங்களின் கூட்டம் என்றும், உறுப்புகளைப் பிரித்தறிந்தவர்க்குப் பொருள் தானே விளங்கிவிடும் என்றும் எண்ணுவதுண்டு. உண்மை இதற்கு மாறானது. சீன எழுத்துகளுள் மிகப்பெரும்பாலானவை, பொருளின் இனத்தைக் காட்டும் ஓர் உறுப்பும் ஒலியைக் காட்டும் ஓர் உறுப்பும் கூடி அமைந்தவை. தாயைக் குறிக்கும் ‘மா’ என்னும் எழுத்தின் இடப்புறத்தில் பெண்ணைக் குறிக்கும் வடிவமும் வலப்புறத்திற் குதிரையைக் குறிக்கும் வடிவமும் உள்ளன. குதிரைக்கும் சீனத்தில் ‘மா’ என்பதே பெயர். தொனி மட்டுமே வேறுபடும். ஆகவே குதிரை அங்கு ஒலிக்காக மாத்திரம் நிற்கிறது. இதனை அறியாத ஒருவர், குடும்பத்தின் சுமையைக் குதிரைபோற் சுமப்பவள் தாய் என்று உருக்கமானதொரு விளக்கத்தைப் படைத்துவிடக்கூடும். விளக்கம் அழகியதாயினும் பொய்யானது. இவ்வாறே பெருங்கடலைக் குறிக்கும் ‘யாங்’ என்னும் எழுத்தில் நீரின் அருகே ஆடு நிற்கிறது. செங் ஹேயின் பயணங்களைச் சீனர் ‘மேற்குப் பெருங்கடற் பயணம்’ என வழங்கிய தொடரில் இவ்வெழுத்து வருகிறது. அக்கடலில் ஆடு எதுவும் நீந்தவில்லை. ஆட்டின் பெயரொலி மட்டுமே அங்குள்ளது.

ஒளியைக் குறிக்கும் எழுத்தும் முதலில் தோன்றுமளவுக்கு எளியதன்று. அதன் பழைய வடிவங்களுள் ஒன்றில் ஞாயிற்றின் இடத்திற் சாளரம் உள்ளது. திங்களின் ஒளி சாளரத்தினூடே வீழ்வதை அது காட்டுகிறது. இரு வடிவங்களும் பழங்காலத்திலேயே வழங்கின. சாளரத்தை எழுதியவரும் ஞாயிற்றை எழுதியவரும் ஒளி என்ற ஒரே சொல்லையே எழுதினர். உறுப்பு மாறியபோதும் சொல் மாறவில்லை. எனவே சொல்லின் பொருள் உறுப்பினுள் அடைபட்டுக் கிடக்கவில்லை என்பது பெறப்படும்.

இந்நிலையை விளக்குவதற்குத் தமிழிலக்கணத்தில் வழங்கும் கலைச்சொல் ஒன்று பெரிதும் துணைசெய்கிறது. பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் எனப் பகுப்பதோடு நில்லாது, காரண இடுகுறி என்ற இடைநிலையொன்றையும் இலக்கண நூலார் கண்டனர். முட்களை உடைமையால் ‘முள்ளி’ எனப் பெயர்பெற்ற செடிக்கு அப்பெயர் காரணம் பற்றியே வந்தது. ஆயினும் முள்ளுடைய செடிகள் அனைத்தையும் அது குறிப்பதில்லை. ஒன்றற்கே இடுகுறிபோல வழங்குகிறது. பிறப்பிற் காரணமும் வழக்கில் இடுகுறியுமாக நிற்பது இதன் இயல்பு. சீன எழுத்துகளுட் பலவற்றின் நிலை இதுவே. உருவாக்கியோர்க்கு ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் இருந்தது. நாள்தோறும் எழுதுவோர்க்கு அது பழக்கம் மட்டுமே. தாய் என எழுதும் சீனச் சிறுவன் குதிரையை நினைப்பதில்லை.

உறுப்பு தானாகப் பேசுவதில்லை என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே சான்றுண்டு. 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழாய்வின்போது, ஈமப் புதையல் ஒன்றிலிருந்து சிறியதொரு முத்திரை கிடைத்தது. அதன் கீழ்வரியிலுள்ள பிராமி எழுத்துகள் ‘கோவேத’ என்றும் ‘கோவேதன்’ என்றும் படிக்கப்பட்டுள்ளன. மேல்வரியிலுள்ள குறிகளோ அறிஞர் அனைவரும் ஒப்பும் வகையில் இன்றுவரை படிக்கப்படவில்லை. இரு வரிகளும் ஒரே கையாற் பொறிக்கப்பட்டு ஒரே மண்ணிற் கிடந்தவை. முதலதைப் படிப்போர் மரபு அறுந்தது; இரண்டாவதைப் படிக்கும் வழி மீட்கப்பட்டது. குறிகளின் வடிவம் சிதையாதிருந்தும் அவற்றின் பொருள் எட்டவில்லை. எழுத்தின் பொருள் அதனை வழங்கும் சமூகத்தின் உடன்பாட்டில் வாழ்கிறது என்பதையே இம்முத்திரை உணர்த்துகிறது.

உடன்பாடு என்று கூறியவுடன் வகுத்தவர் யார் என்ற வினா மீண்டும் முன்வருகிறது. சூ ஷென் என்னும் அறிஞர் கி.பி. 100இல் தொகுத்து முடித்த சொற்களஞ்சியத்தில் 9,353 எழுத்துகள் 540 தலையுறுப்புகளின் கீழ் வகைப்படுத்தப்பட்டன. தலையுறுப்பு என இங்குக் கூறப்படுவது, ஒரு பிரிவின் எழுத்துகள் அனைத்திலும் அமைந்து அப்பிரிவுக்குத் தலைப்பாக நிற்கும் வடிவமாகும். அவருடைய வரிசை ‘ஒன்று’ என்னும் எழுத்தில் தொடங்கிப் பன்னிரு காலக்குறிகளுள் இறுதியானதில் முடிகிறது. உலகத்தின் ஒழுங்கே நூலின் ஒழுங்காக வேண்டும் என்ற நோக்கு அதிற் புலனாகிறது. 1716இல் முடிவுற்ற காங்சிப் பேரகராதியில் 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் 214 தலையுறுப்புகளுள் அடக்கப்பட்டன. கோடுகளின் எண்ணிக்கையே அங்கு வரிசையை நிர்ணயித்தது. 2009இற் சீனத்தில் வெளியிடப்பட்ட நியமப் பட்டியல் 201 தலையுறுப்புகளைக் கொண்டது. 540, 214, 201 என எண் மாறிவந்தமை மனங்கொள்ளத்தக்கது. உறுப்புகளின் தொகை இயற்கையால் விதிக்கப்பட்டிருப்பின் அது காலந்தோறும் மாறியிராது.

தமிழிலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகை பற்றிச் சொற்களைத் தொகுப்பது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மனனஞ் செய்த நூல் அது. ஆறுமுக நாவலர் 1849இற் சென்னையில் உரையுடன் அச்சேற்றியதும் அதுவே. சொல்லைத் தேடுவோர் அப்பொருள் உலக ஒழுங்கில் எவ்விடத்துக்குரியது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். 1842இல் மானிப்பாயில் அச்சாகிய யாழ்ப்பாண அகராதியோ சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கியது. அங்கு அரசனுக்கும் அடிமைக்கும் இடம் தருவது முதலெழுத்து மட்டுமே. சூ ஷென்னிடமிருந்து காங்சி அகராதிக்கும், நிகண்டிலிருந்து அகராதிக்கும் நிகழ்ந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. பொருள்களுக்கிடையிலான உறவைக் காட்டும் நூல் போயிற்று; எவரையும் எவர்க்கும் மேலே வைக்காத நூல் வந்தது.

இனங்காட்டும் உறுப்பு மரத்தையும் நீரையும் வகுக்கும்போது கற்போர்க்குத் துணையாகிறது. அறியாத எழுத்தொன்றின் ஓரத்தில் நீர்க்குறி இருப்பின் அது ஆறு, கடல், கழுவுதல் முதலியவற்றோடு தொடர்புடையதாகலாம் என ஊகிக்க முடிகிறது. மனிதரை வகுக்கத் தொடங்கியவுடன் அதே உறுப்பு தீர்ப்பாகிவிடுகிறது. பொறாமையைக் குறிக்கும் சீனச்சொல்லின் இரு எழுத்துகளும் பெண்குறி உடையவை. வஞ்சகத்தைக் குறிக்கும் எழுத்திலும் அடிமையைக் குறிக்கும் எழுத்திலும் அக்குறி உண்டு. நன்மை, அமைதி ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளிலும் பெண்குறி உண்டென்பது உண்மையே. ஆயினும் முன்னதிற் பெண்ணின் அருகே மகவு உள்ளது; பின்னதிற் பெண் கூரையின் கீழ் இருக்கிறாள். பெண்ணின் நன்மை இன்ன இடத்தில், இன்ன உறவில் என வரையறுத்த சமூகம் இவ்வெழுத்துகளிலே தன் தடத்தை விட்டுச் சென்றுள்ளது.

இதனினும் கடுமையான எடுத்துக்காட்டு, தென்சீனத்தில் வாழும் சிறுபான்மை மக்களின் பெயர்களிற் காணப்பட்டது. யாவோ, சுவாங் ஆகிய இனத்தவரின் பெயர்கள் நெடுங்காலம் நாயைக் குறிக்கும் தலையுறுப்புடன் எழுதப்பட்டன. பெயரின் ஒலி அம்மக்களுக்குரியது. ஓரத்தில் நின்ற நாய்க்குறியோ பிறர் சேர்த்தது. அம்மக்களைப் பற்றிப் பாராட்டுரை எழுதினும் எழுத்தின் ஓரத்தில் இகழ்ச்சி நின்றது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. யாவோ மக்களின் பெயர் மணிக்கல்லைக் குறிக்கும் உறுப்புடன் எழுதப்படலாயிற்று. சுவாங் மக்களின் பெயரில் நாய்க்குறி நீங்கி மனிதக்குறி வந்தது. பின்னர் 1965இல், பிரதமர் சூ என்லாயின் முன்மொழிவுக்கிணங்க, வலிமை எனப் பொருள்படும் எழுத்து அப்பெயருக்கு உரியதாயிற்று.

இவ்வாறான உறுப்பு தமிழெழுத்தில் இல்லை என எண்ணி ஆறுதலடைதல் எளிது. தமிழெழுத்து ஒலியை மட்டுமே எழுதுவதால் அதில் நாய்க்குறிக்கு இடமில்லை என்பது உண்மை. தமிழிலக்கணமும் மக்கள் அனைவரையும் உயர்திணை என்ற ஒரே வகுப்பில் அடக்கியது. குலம் பற்றித் திணையைப் பிரிக்கவில்லை. ஆனால் எழுத்து செய்யாததை வழக்குச் செய்தது. யாழ்ப்பாணச் சமூகத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் ஒரே தெய்வத்தின் பெயர் ஒருவர்க்குக் கந்தையா என்றும் கந்தப்பிள்ளை என்றும் வழங்க, மற்றொருவர்க்குக் கந்தன் என்ற அளவில் நின்றது. மதிப்புத் தரும் ஈற்றை ஒடுக்கப்பட்ட சாதியார் தம் பிள்ளைகளின் பெயரில் அமைத்துக்கொள்வது மீறலாகக் கருதப்பட்டது. வயதில் மூத்தவரைச் சாதியில் உயர்ந்த சிறுவன் ‘நீ’ என்றழைக்க, அம்மூத்தவர் அச்சிறுவனை ‘நயினார்’ என விளிக்கும் நிலையும் இருந்தது. யாழ்ப்பாணச் சமூகத்தில் மொழிவழக்குக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பைச் சுசீந்திரராசா 1978இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது. பெயரின் கடைசியில் நின்ற ஈறு, சீன எழுத்தின் ஓரத்தில் நின்ற தலையுறுப்பின் வேலையைச் செய்தது. ஆளைக் காணுமுன்னரே அவருக்குரிய இடத்தைக் கேட்போர்க்கு அது அறிவித்தது.

இவ்விடத்து இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, எழுத்தும் ஈறும் காரண இடுகுறி எனின், காரணம் மறந்துபோன நிலையில் அவற்றை மாற்றவேண்டியது எதற்கு என்பது. தாயின் எழுத்திற் குதிரை நிற்பது எவரையும் வருத்துவதில்லையே. நாய்க்குறியும் அவ்வாறு மறக்கப்பட்டதாக இருக்கலாமே எனக் கூறலாம். இத்தடையில் மறைந்திருக்கும் பிழை நுட்பமானது. மறந்தவர் யார் என்பதை அது கூறுவதில்லை. எழுதியவர் மறந்திருக்கலாம், எழுதப்பட்டவர் மறந்தாரா? கந்தன் என அழைத்தவர்க்கு அது வெறும் பழக்கம். தன் மகனைக் கந்தையா எனப் பள்ளியிற் பதியச் சென்று திருப்பியனுப்பப்படும் தந்தைக்கு அது பழக்கமாக இருக்க முடியாது. ஒரு குறியின் காரணம் இறந்ததா, உயிரோடிருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெயரிட்டவர்க்கு உரியதன்று. பெயரைச் சுமப்பவர்க்கே உரியது.

இரண்டாவது தடை கனமானது. எழுத்தை மாற்றுவதால் வாழ்வு மாறிவிடுமா என்பதே அது. இலங்கையில் 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தல் அதனாற் குற்றமாயிற்று. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. அக்காலத்துப் போராட்டங்களின் பின்னணியில் எழுந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வெளிவந்தது. தாளில் எழுதிய சட்டமே வாயிலைத் திறக்காதபோது, பெயரின் ஈறு திறந்துவிடும் என நம்புதல் பேதைமை. இத்தடை கூறும் உண்மையை மறுக்கவியலாது. ஆயினும் அதிலிருந்து, எழுத்தை மாற்றவேண்டியதில்லை என்ற முடிவு பெறப்படாது. எழுத்து மாற்றம் நீதி ஆகாது. முன்னர் நிகழ்ந்தது அநீதி என்ற ஒப்புதலாகும். ஒப்புதல் இன்றி நீதி தொடங்குவதில்லை. ஒப்புதலோடு நீதி நிறைவுறுவதுமில்லை.

அவ்வாறாயின் பழைய வடிவங்களை முற்றாக அழித்துவிடுதல் தகுமா? தகாது. நாய்க்குறியுடன் எழுதப்பட்ட பழஞ்சுவடிகள் எரிக்கப்படின், அக்குறி அங்கு நின்றதற்குச் சான்று இல்லாமற் போகும்; இகழ்ந்தவர் குற்றமற்றவராவார். நிகண்டின் மக்கட்பெயர்த் தொகுதியில் மக்களை மேலும் கீழுமாக வரிசைப்படுத்தும் சொற்கள் இருப்பினும் அந்நூல் கற்கப்பட வேண்டியதே. கற்கும்போது அவ்வரிசை உலகத்தின் ஒழுங்கு அன்று, ஒரு காலத்தின் ஒழுங்கு என்பதையும் சேர்த்துக் கற்றல் வேண்டும். புதிதாக எழுதும்போது அதனைத் தொடராதிருத்தலும், பழையதைப் படிக்கும்போது அதனை மறைக்காதிருத்தலும் எழுத்தை மரபுரிமையாகப் பெற்றவரின் இரட்டைக் கடமைகளாகும்.

காலிக் கல்வெட்டு இவ்வகையில் மீண்டும் எண்ணத்தக்கது. மூன்று சமயத்தாரை மூன்று எழுத்துகளால் விளித்த அக்கல், எவருடைய இறைவனையும் மற்றவர் எழுத்தின் ஓரத்தில் நிறுத்தவில்லை. ஒவ்வொருவர்க்கும் அவரவர் மொழியில் அவரவர் வழங்கும் பெயரையே எழுதியது. அதனை அனுப்பிய பேரரசு அறம் வழுவாதது என்று கூறுவதற்கு இதனைச் சான்றாக்க முடியாது. அரசியல் நோக்கு அதில் இருந்தது வெளிப்படை. ஆயினும் பிறரை அவர் ஏற்கும் பெயரால் எழுத இயலும் என்பதை 1409ஆம் ஆண்டிலேயே அக்கல் காட்டிவிட்டது. அவ்வாறு எழுதாமற்போனவர்கள், இயலாமையைத் தம் காலத்தின்மீது சுமத்துவதற்கு இடமில்லை.

வகுத்தலின்றி மனித அறிவு இயங்காது. மரத்தை மரத்தோடும் நீரை நீரோடும் சேர்த்து எண்ணுவதால் எவர்க்கும் தீங்கில்லை. மனிதரைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும்போது, வகுக்கப்படுபவர் பேசத் தெரிந்தவர் என்பதை வகுப்பவர் நினைவிற்கொள்ளல் வேண்டும். அவரைக் கேளாது வைக்கப்படும் ஒவ்வோர் உறுப்பும், எத்துணை அழகிய எழுத்தில் அமைந்திருப்பினும், அறத்தின் அளவையிற் பிழையெழுத்தே ஆகும்.